மேல் மாடியில் யாரும் இல்லை

கடல் தெரியும் என்று சொல்லித்தான் கம்பெனிக்காரர்கள் அந்த வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பொய் இல்லை, தெரியத்தான் செய்தது. பால்கனியின் ஒரு மூலையில் போய் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினால் எதிரே இருந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கீற்று நீலம் தெரிந்தது. மற்றபடி தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

சின்னவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. கடலைப் பார்க்கவா வந்தாள்? அக்காவைப் பார்க்க வந்திருந்தாள். அந்த அக்காதான் வந்து சேரவில்லை.

சின்னவள், பெரியவள் என்றதும் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னவளுக்கே பாதித் தலை நரைத்தாயிற்று. பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஊரார் தலைக்கெல்லாம் சாயம் பூசுகிறவளுக்குத் தன் தலைக்குப் பூச நேரம் கிடைப்பதில்லை. இடதுகைக்காரி. இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல் ஒன்று வைத்திருக்கிறாள். எங்கே போனாலும் கைப்பையில் அதுவும் போகும். கடைப் பெண்கள் அதைத் தொட்டால்கூட முகம் மாறிவிடும்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கையில் எது வேண்டுமோ அது இருக்கும். எந்த டாக்டருக்கு எந்தக் கை, யார் எப்படிப் பிடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தட்டில் ஒரு கருவி விரற்கடை தள்ளியிருந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தியேட்டரோடு அதை விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. போகிற வீட்டுக்கெல்லாம் அந்த வியாதியைக் கூடவே கொண்டுபோவாள். அவள் தங்கிப் போன வீட்டில் சோபா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், குப்பைக்கூடை இடம் மாறியிருக்கும், சர்க்கரையைத் தேடி வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் அலைவார்கள்.

சண்டை வந்ததும் அதனால்தான். சின்னவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது. பெரியவள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்து தங்கையின் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய சின்னவள், தண்ணீர் எடுக்கச் சமையற்கட்டுக்குள் போய் வழக்கம்போல் இடது கையை நீட்டினாள். கையில் வெறும் காற்றுதான் பட்டது. டம்ளர், கரண்டி, கத்தி, எண்ணெய், அத்தனையும் வலப்பக்கம் போயிருந்தன. தையல் போட்ட வலி, மருந்தின் எரிச்சல், எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரியில எந்த டாக்டருக்கு எந்தக் கைன்னு பாத்துப் பாத்து எடுத்துக் கொடுக்கிற. கூடப் பிறந்தவளுக்கு எந்தக் கைன்னு மறந்துபோச்சா? இது என் வீடா, உன் வீடா?"

பெரியவள் கையில் பிடித்திருந்த துணியை உதறிக் காயப்போட்டாள். கையை முழங்கை வரைக்கும் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். மருந்துக் கடைக்குப் போயிருந்த சின்னவளின் கணவர் திரும்பி வந்தபோது ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், இன்னொருத்தியைக் காணவில்லை.

அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின. நல்லது கெட்டது எல்லாம் அடுத்தவர் மூலமாகக் காதுக்கு வந்தது. கோபம் எப்போதோ ஆறிவிட்டது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். யார் முதலில் பேசுவது என்பது மட்டும் பாக்கி இருந்தது, அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஆனால் ஒன்று. அக்கா அடுக்கிவைத்த சமையற்கட்டைச் சின்னவள் மாற்றவே இல்லை. தினமும் முழங்கை சுவரில் இடித்தது. தான் மாற்றித் தருவதாகக் கணவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும், அவளே வந்து அவள் பண்ணிவைத்த வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லி அவரைத் தடுத்துவிடுவாள். இடிக்கும்போதெல்லாம் அக்காவை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இந்தக் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் இருப்பவர் தப்புத் தப்பாகத் திருப்பும்போது கத்தாமல் உட்கார்ந்திருப்பதே அவருக்குத் தொழில். வீட்டிலும் அப்படித்தான் காலம் தள்ளினார். மனைவியின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் ஒரு நாள் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். அண்ணிக்கு வேலை முடிந்து ஓய்வு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய் நிரந்தரமாகவே தங்கப்போகிறார் என்று.

சின்னவள் அன்று கடையில் ஒரு வாடிக்கையாளரின் முடியைக் கேட்டதைவிடக் குட்டையாக வெட்டிவிட்டாள். இப்போது விட்டால் இனி எப்போது? பயணம் சொல்லிக்கொள்ளக்கூட வராமல் போய்விடுவாளே.

தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் பெரியவள் வர மாட்டாள். கூப்பிடாமல் அவள் வீட்டுக்குப் போய் நிற்கச் சின்னவளுக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. உன் வீடும் இல்லை, என் வீடும் இல்லை, கம்பெனி வீடு. அங்கே எது எங்கே இருந்தால் யாருக்கு என்ன? இரண்டு படுக்கையறை வைத்த வீடாகப் பார்த்துப் பிடித்தாள். தெரு, கட்டடம், நாலாவது மாடி, கதவைத் திறக்க அமுக்க வேண்டிய எண் எல்லாவற்றையும் எழுதி, வந்தால் சந்தோஷம் என்று ஒரு வரியும் சேர்த்து அக்காவின் போனுக்கு அனுப்பினாள். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வருகிறேன் என்று அர்த்தமா, பார்த்தேன் என்று அர்த்தமா? கணவரிடம் காட்டினாள். வண்டி ஓட்டுபவர் அப்படிக் காட்டினால் தாராளமாகப் போகலாம் என்று அர்த்தம் என்றார் அவர். கடைப் பெண்களிடம் காட்டினாள். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அன்பார்ந்த விருந்தினரே என்று ஆரம்பித்தது. கம்பெனிக்காரர்கள் அன்பாக ஆரம்பித்தாலே எங்கேயோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நாலாவது மாடி வீட்டில் ஹீட்டர் பழுதாம். அதனால் அதற்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில், அச்சு அசலாக அதே மாதிரியான வீட்டைத் தருகிறார்களாம். கதவுக்குப் புது எண்ணும் கொடுத்திருந்தார்கள்.

இதை அக்காவுக்கும் அனுப்ப வேண்டும். சின்னவள் எழுதினாள், அழித்தாள். ஒரு தடவை கூப்பிட்டதற்கே விரலைத்தான் காட்டினாள், மறுபடியும் போய் வாசலில் நிற்பதா என்று தோன்றிவிட்டது. கம்பெனியையே சொல்லச் சொல்லுங்கள் என்று கணவர் தலையில் கட்டினாள். அவர் அண்ணியின் நம்பரைக் கொடுத்து, இந்தச் செய்தியை அவருக்கும் அனுப்பிவிடுங்கள் என்றார். கம்பெனியில் சரி சார் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அதே செய்தி சின்னவளின் போனுக்கே இரண்டாம் முறையாக வந்தது. பரவாயில்லையே, மறக்காமல் இன்னொரு தடவையும் ஞாபகப்படுத்துகிறார்களே என்று அவள் மெச்சிக்கொண்டாள். புத்திசாலி என்று பேரெடுத்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நேரத்தில் மூளை வேலை செய்யாது.

மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, யாரும் படிக்காத இரண்டு புத்தகங்கள், ஒரு கண்ணாடிக் குடுவையில் கூழாங்கற்கள். பிரிட்ஜ் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. காலணியோடு கட்டிலில் ஏறாதீர், பால்கனியில் துணி உலர்த்தாதீர், சாமான்களை இடம் மாற்றாதீர் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசி விதியைப் படித்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா இதைப் படித்தால் அட்டையையே கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிடுவாள் என்று கணவரிடம் சொன்னாள். சொல்லும்போது குரலில் இருந்த ஆசையைப் பார்த்து அவர் பால் காய்ச்சப் போனார்.

பெரிய அறையை அக்காவுக்கு ஒதுக்கினாள். தலையணை உறையை நீவினாள். லிப்ட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்த்தாள். ஒரு தடவை யாரோ பிட்சா கொண்டுவந்தார்கள். இன்னொரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு இறங்கினார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு மேலே சத்தம் ஆரம்பித்தது. கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம். சுவர் ஓரமாகப் போனது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு நாற்காலிகள். பிறகு பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொன்றாக ஏறுகிற சத்தம்.

வராத அக்காவையும், சும்மா இராத மேல்வீட்டுக்காரியையும் சின்னவள் மாறி மாறித் திட்டினாள். இரண்டு வசவும் ஒரே ஆளுக்குத்தான் போய்ச் சேருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவள் அன்று காலையிலேயே வந்து, பழைய எண்ணை அமுக்கி, கதவு திறந்துகொள்ள, நாலாவது மாடியில் கால் வைத்துவிட்டாள். ஹீட்டர் பார்க்க வருகிற ஆள் வரும்வரை எண்ணை மாற்ற வேண்டாம் என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது. வெந்நீர் வரவில்லையே என்று பெரியவள் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டாள்.

ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்று கணவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். போட்டால் இந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றாள் சின்னவள். கூப்பிட்டாயிற்று, இனி வருவதும் வராததும் அவள் இஷ்டம், எவ்வளவு கெஞ்சுவது? அவர் குப்பை போடப் போகிற சாக்கில் படிக்கட்டில் நின்று திருட்டுத்தனமாகப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அண்ணியின் போன் எப்போதும் கைப்பையின் அடியில், மாத்திரை அட்டைகளுக்குக் கீழே, சத்தம் இல்லாமல் கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை தளர்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்தும் பெரியவள் வரவில்லை. மேலே இழுக்கும் சத்தம் மட்டும் மறுபடியும் வந்தது. சின்னவள் காப்பியைக்கூடக் குடிக்காமல் அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள். மேல் வீட்டில் நேற்றிலிருந்து ஒரே உருட்டல், மனுஷன் இருக்க முடியவில்லை என்று சின்னவள் பொரிந்து தள்ளினாள். அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, மேல் மாடியில் யாரும் இல்லைங்க மேடம், அந்த வீடு ரிப்பேருக்காகக் காலியாக இருக்கிறது என்றாள். அப்படியென்றால் நகர்த்துவது யார் என்று கேட்டதற்கும், யாரும் இல்லைங்க மேடம் என்று அதே தேன் குரலில் சொன்னாள்.

"பேயா இருந்தாலும் ரொம்பச் சுத்தமான பேய்" என்றார் கணவர். "காலையில எழுந்ததும் கூட்டிப் பெருக்குது பாரு."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அந்த ஒரு கீற்றுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா வரமாட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறுதியானது. கட்டைவிரலுக்குப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது. அடுத்த மாதம் அவள் விமானம் ஏறிவிடுவாள். இனி யாராவது செத்தால்தான் பார்ப்போம், அதுவும் போனில் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கும்போதுகூட இடது கைதான் முதலில் வந்தது. சின்ன வயசில் தெருவில் எவனோ அவளைப் பீச்சாங்கை என்று கூப்பிட்டதற்கு, பெரியவள் அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்து வீட்டில் அடி வாங்கினாள். அவளுக்கா எந்தக் கை என்று மறந்துபோயிருக்கும்? என்ன பேச்சுப் பேசினோம் அன்றைக்கு என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

கம்பெனியிலிருந்து சாவிக்காரர் வந்தார். கதவுகளெல்லாம் எண்ணுக்கு மாறிவிட்ட பிறகும் அவருக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நடுத்தர வயசு, கம்பெனி சட்டை, கையில் ஒரு ஸ்பானர். யாரும் இருக்க முடியாதுங்க, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தைரியமாக மேலே ஏறினார்.

திரும்பி வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டியது. முகத்தில் தலைமையாசிரியர் அறைக்குள் போய்விட்டு வந்த களை. கணவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"மேல ஒரு அம்மா இருக்காங்க சார்" என்றார் சாவிக்காரர். "உள்ள வரணும்னா செருப்பை வெளிய விடுன்னாங்க, விட்டேன். கையைக் கழுவுன்னாங்க, கழுவினேன். இப்படி இல்லை, முழங்கை வரைக்கும்னு பக்கத்துலயே நின்னு கழுவ வச்சாங்க. நான் எதையும் தொடக்கூட இல்லை சார்."

சின்னவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னாங்க?"

"இது உங்களுக்குக் கொடுத்த வீடு இல்லைம்மா, காலி பண்ணணும்னு சொன்னேன். கேட்டாதானே. என் தங்கச்சி கூப்பிட்டு வந்திருக்கேன், அவ வருவா, அவ வந்து போன்னு சொன்னாதான் போவேன்னு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க."

கணவர் தன் போனை எடுத்து எதையோ பார்த்தார், பிறகு மனைவியின் போனை எடுத்துப் பார்த்தார். அண்ணிக்குப் போகாமல் இரண்டு தடவையும் அவளுக்கே வந்திருந்த செய்தியை அவளிடம் காட்டினார். காட்டிவிட்டு, வாங்கப்போகும் திட்டுக்குத் தயாராக நின்றார். திட்ட அங்கே ஆள் இல்லை. சின்னவள் செருப்புக்கூடப் போடாமல் படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மேல் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அதே வெள்ளைச் சுவர், அதே சாம்பல் சோபா, ஆனால் சோபா ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சாப்பாட்டு மேஜை மூலைக்குப் போயிருந்தது. பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். வாசலில் நின்ற தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

எத்தனை நாள் யோசித்துவைத்த வார்த்தைகள். மன்னித்துக்கொள் என்பதிலிருந்து என்னென்னவோ. சின்னவள் வாயில் வந்தது வேறு.

"இந்தக் கண்றாவியை யார்கிட்ட போய் வெட்டிக்கிட்ட?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றாள் பெரியவள். "நீ நேத்தே வர்றேன்னு எழுதியிருந்த."

"நேத்துதான் வந்தேன். கீழ இருக்கேன்."

"கீழயா?"

"நேத்து முழுக்க என் தலைமேல மேஜையை இழுத்தது நீதானே?"

பெரியவள் தரையைக் குனிந்து பார்த்தாள். அந்தச் சிமென்டுக்கு அடியில் ஒரு நாள் முழுக்கத் தங்கை உட்கார்ந்திருந்தாள் என்பதை நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. நீ வரலைன்னு நினைச்சேன் என்று சின்னவள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைச்சேன் என்றாள் பெரியவள். இதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று பயந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சின்னவள் சமையற்கட்டுக்குள் போனாள்.

பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டினாள். டம்ளர் கையிலேயே வந்து உட்கார்ந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகுதான் மற்றதைப் பார்த்தாள். தண்ணீர்ப் பாத்திரம் இடப்பக்கம். கத்தி, காய் நறுக்கும் பலகை, கரண்டி மாட்டும் கொக்கி எல்லாம் இடப்பக்கம். கெட்டிலின் கைப்பிடிகூட இடது கைக்கு வாகாகத் திரும்பியிருந்தது. கத்தரிக்கோல் ஒன்று பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது, கம்பெனிக் கத்தரிக்கோல் இல்லை, இடதுகைக்காரர்களுக்குச் செய்தது, புதுசு, அட்டையிலிருந்து இன்னும் பிரிக்கவில்லை. மேஜை ஏன் மூலைக்குப் போனது என்பதும் அங்கிருந்து பார்க்கும்போது புரிந்தது. இடது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் யார் முழங்கையும் இடிக்காது. வீட்டில் சின்ன வயசில் அவளுக்கென்று பெரியவள் பிடித்து வைத்திருந்த இடம் அதுதான்.

பெரியவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"மூணு தரம் மாத்தி மாத்தி வச்சேன். கண்ணாடியில பாக்கிற மாதிரி யோசிக்கணும். வயசாயிடுச்சு, சட்டுன்னு வரமாட்டேங்குது."

"அப்ப அன்னைக்கு ஏன்க்கா வலப்பக்கம் வச்ச?"

"அன்னைக்கு உனக்கா வச்சேன்? நீ ஒரு மாசம் எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உன் வீட்டுக்காரர்தானே சமைக்கணும். அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாது. அவர் கைக்கு வச்சேன். நீ தேறினதும் வந்து மாத்திக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீ கேட்ட மாதிரியா இருந்துச்சு? அடிச்ச மாதிரி இருந்துச்சு."

சின்னவள் டம்ளரை வைத்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கை கழுவினியா என்று கேட்டாள். இல்லை என்று தோளுக்குள்ளிருந்து பதில் வந்தது. பரவாயில்லை என்றாள் பெரியவள். அவள் வாழ்க்கையில் அந்த வார்த்தையை இந்த விஷயத்துக்குச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

சாவிக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டு, மேல் மாடியில் ஆள் இருப்பதை விளக்கப் படாத பாடு பட்டார். அந்தத் தேன் குரல் கடைசிவரை யாரும் இல்லை என்றே சாதித்தது. அவர் அலுத்துப்போய், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் இருங்கள், போகும்போது சாமான்களைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். வெந்நீர் வரும் கீழ் வீட்டைக் கணவரிடம் விட்டுவிட்டு அக்காவும் தங்கையும் மேலேயே தங்கினார்கள்.

மத்தியானம் சின்னவள் அக்காவைப் பால்கனியில் உட்காரவைத்துக் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். இந்தத் தலையோடு ஊர் விட்டு ஊர் போனால் என் தொழிலுக்கே அவமானம் என்று சொல்லிவிட்டாள். கணவர் பிரிட்ஜ் அட்டையை முழுக்கப் படித்து, பால்கனியில் முடி வெட்டக் கூடாது என்று எங்கும் போடவில்லை என்று அறிவித்துவிட்டுப் பேப்பரோடு உள்ளே போனார்.

பெரியவள் மடியில் ஒரு தட்டு. அதில் சீப்பு, கிளிப்புகள், தண்ணீர் தெளிக்கும் குப்பி, இரண்டு கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. சின்னவள் பின்னால் நின்று கையை நீட்டினாள், வாயால் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவள் திரும்பிப் பார்க்காமலே சீப்பை எடுத்து அவள் இடது உள்ளங்கையில் வைத்தாள். அது முடிந்ததும் கிளிப். அது முடிந்ததும் கத்தரிக்கோல், கைப்பிடி முன்னால் வரும்படி.

பின்கழுத்தை முடித்துவிட்டுச் சின்னவள் காதோரத்துக்கு வந்தாள்.

"அக்கா. என் சமையற்கட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு."

"எப்படி?"

"நீ வச்சிட்டுப் போனபடியே. நான் எதையும் மாத்தல."

பெரியவள் தலையைத் திருப்பினாள். ஆடாதே, காது போய்விடும் என்று சின்னவள் அதட்டி, தலையைப் பிடித்து நேராக்கினாள்.

"இத்தனை வருஷமா வலக்கைச் சமையற்கட்டுலயா சமைச்ச?"

"தினமும் இடிச்சுக்கிட்டேன். தினமும் உன்னைத் திட்டினேன்."

பெரியவள் துண்டின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் இருந்த சீப்பை நேராக்கினாள். நேராக இருந்ததையே இன்னொரு தடவையும் நேராக்கினாள்.

"விமானம் அடுத்த மாசக் கடைசியிலதான்" என்றாள். "அதுக்கு முன்னாடி வந்து மாத்திக் கொடுத்துட்டுப் போறேன். நீ எதையும் தொடாத."

சின்னவள் கையை நீட்டினாள். பெரியவள் கிளிப்பை எடுத்து அதில் வைத்தாள்.